கடலடி உணவகத்தில் ஐந்து பேருக்கு இடம்

மார்ச் 9, ஞாயிறு

இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டிருந்தபோது பையன் சென்னையிலிருந்து பேசினான். என்னிடம் அல்ல, அவன் அப்பாவிடம். மே பதினேழாம் தேதி குழந்தைக்கு நான்கு வயது நிறைகிறதாம். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்கிறானாம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் அல்ல. அவன் வீட்டிலும் அல்ல. அதிசயபுரியில்.

அதிசயபுரி என்பது சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் உள்ள கேளிக்கைப் பூங்கா. ராட்டினங்களும், பிளாஸ்டிக் மலையும், விசில் ஊதினால் பொங்கும் எரிமலையும் உண்டு. அதனுள் கடலடி உணவகம் என்று ஒன்று. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடித் தொட்டி. உள்ளே மீன்கள், வெளியே மீன் தின்பவர்கள். குழந்தை அதை யூடியூபில் பார்த்துவிட்டு அங்கேதான் கேக் வெட்டுவேன் என்கிறதாம்.

"அங்க எடம் கெடச்சா வாரோம்னு சொல்லுதான்," என்றார் இவர்.

"கெடைக்கலன்னா?"

"இன்னொரு நாள் பாக்கலாம்னான்."

இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவன் சொல்லத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. இவர் ஆசைப்படுகிறார், முயன்று பார்க்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

அதிசயபுரிக்குள் கண்டவர்களும் போய்ச் சாப்பிட்டுவிட முடியாது. எங்களால் முடியும். நாங்கள் உறுப்பினர்கள்.

நாங்கள் உறுப்பினர்களான வரலாறு சிறியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளிக்கடைக் குலுக்கலில் இவர் பெயர் விழுந்தது. பரிசு, ஓட்டலில் தம்பதியருக்கு இலவச விருந்து. சூப்புக்கும் சாதத்துக்கும் நடுவே கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்து எங்கள் இருவர் கைகளையும் பற்றிக்கொண்டு, "சார், நீங்க வாழ்க்கையில உங்களுக்காக என்ன செஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டான். மின்வாரியத்தில் செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டார். பாயசம் வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, ஆண்டில் ஒரு வாரம், எங்களுக்குச் சொந்தமில்லாத ஓர் அறை எங்களுக்குச் சொந்தம். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவள் நான். நிலமானிய முறையைப் பெண்பிள்ளைகளுக்கு விளக்கத் திணறியிருக்கிறேன். அப்போது இந்த உறுப்பினர் அட்டை கையில் இருந்திருந்தால் ஒரே வகுப்பில் முடித்திருப்பேன்.

மார்ச் 12, புதன்

பையன் எல்லோர் பெயரையும் வாட்சப்பில் இவருக்கு அனுப்பியிருக்கிறான். குழந்தையின் பெயர் நெய்தல் மச்சாது. நெய்தல் நல்ல பெயர், பையன் வைத்ததாகத்தான் இருக்கும். மச்சாது என்பது பையன் கட்டிக்கொண்ட அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்களுக்குப் போர்த்துகீசியர் விட்டுப்போன பெயர் அது. என் பேத்தி ஒரு போர்த்துகீசியப் பெயருடன் பள்ளிக்குப் போகிறாள். வரலாற்றுப் பேராசிரியைக்கு இது சுவாரசியமான தகவல், அவ்வளவுதான்.

அந்தப் பெண் தன் வாட்சப் படத்தை மாற்றியிருக்கிறாள். தற்செயலாகக் கண்ணில் பட்டது. குழந்தைக்கு முன்பல் இரண்டும் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கின்றன. அம்மா பல் டாக்டர் என்று பெயர்.

மார்ச் 14, வெள்ளி

பையன் ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று கீழ்வீட்டுப் பெண்மணி கேட்டாள். வேலை என்றேன்.

உண்மையான காரணத்தைச் சொன்னால் அவள் சிரிப்பாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெண்ணை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தான். தேங்காய்ப்பால் சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்து, உருளைக்கிழங்கு வறுத்து வைத்திருந்தேன். அவளுக்கு வாழையிலை போட்டுப் பரிமாறினேன். எங்கள் மூவருக்கும் வழக்கமான தட்டுகள். விருந்தாளிக்கு இலை போடுவது மரியாதை. பையன் இலையைப் பார்த்தான், எங்கள் தட்டுகளைப் பார்த்தான், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வாழையிலையை அவமானம் என்று எடுத்துக்கொண்ட ஒரே தமிழன் என் மகனாகத்தான் இருப்பான்.

மார்ச் 17, திங்கள்

உறுப்பினர்களுக்கு இரண்டு மாதம் முன்பே முன்பதிவு திறக்கும். காலை ஆறு மணிக்கு. எனக்கு எப்படியும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, ஆகவே நானும் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

"குடும்ப மேசை"யைத் தேர்ந்தெடுத்தார். ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் முதற்பெயர், குடும்பப் பெயர். இவர் ரா. சிவசைலம். குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் "ரா" என்று அடித்தார். ஓரெழுத்துப் பெயர் செல்லாது என்றது. ராமலிங்கம் என்று மாமனாரின் முழுப்பெயரை அடித்தார். ஏற்றுக்கொண்டது. எனக்கும் பையனுக்கும் சிவசைலம் என்று இவர் பெயரையே போட்டார். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் மச்சாது.

சற்று நேரம் சக்கரம் சுற்றியது. பிறகு சிவப்பு எழுத்தில்: "இவர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர்."

வடக்கே யாரோ எழுதிய மென்பொருள். குடும்பம் என்றால் எல்லோருக்கும் ஒரே வால் இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அதன் தீர்ப்புப்படி நானும் பையனும் ஒரு குடும்பம். அந்தப் பெண்ணும் குழந்தையும் ஒரு குடும்பம். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பணம் கட்டிய உறுப்பினர் மட்டும் தனிக்கட்டை.

"நான் யாருக்கும் ஒண்ணுமில்லையாம்ளா," என்றார்.

"இத்தனை வருசம் கழிச்சு ஒரு மெஷினுக்காவது தெரிஞ்சுதே," என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

உதவி எண். பிரவீணா என்ற பெண் பேசினாள். இவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், ஃபேமிலி டேபிள்னா எல்லாருக்கும் சேம் சர்நேம் இருக்கணும் சார்."

"எங்க பக்கத்துல யாருக்கும் சர்நேமே கெடையாதும்மா. அப்பா பேரத்தான் போடுவோம்."

"ஓகே சார். அப்போ உங்க பேர் அப்பா பேரா சார்?"

"என் பேரு என் பேரு. அப்பா பேரு முன்னால வரும்."

"முன்னால வந்தா அது ஃபர்ஸ்ட் நேம் சார்."

"உனக்கு ஊரு எதும்மா?"

"விழுப்புரம் சார்."

"உனக்கு சர்நேம் என்ன?"

"சார், உங்க கால் எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார்," என்றாள்.

மார்ச் 20, வியாழன்

இவர் விட்டுக்கொடுத்துவிட்டார். முப்பது ஆண்டுகள் மின்வெட்டுக்கு விளக்கம் சொல்லியே பழகியவர், முடியாது என்று யாராவது சொன்னால் உடனே புரிந்துகொள்வார். அதற்குப் பதிலாக மூவேந்தர் விருந்து மண்டபத்தைப் பதிவு செய்யலாம் என்றார். அங்கே கிரீடம் வைத்தவர்கள் பரிமாறுவார்கள். சேரன் சாதம் போட, சோழன் சாம்பார் ஊற்ற, பாண்டியன் பில் கொண்டுவருவான். அதற்குப் பெயர்ப் பொருத்தம் பார்ப்பதில்லையாம்.

பையனிடம் கேட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்லப்பா. பாப்பா மீன்னுதான் குதிக்கா. இல்லன்னா விடுங்க. இன்னொரு நாள் பாக்கலாம்."

துணியெல்லாம் மடித்து முடித்துவிட்டு, மறுபடியும் உதறி மடித்தேன். வெயில் காலத்தில் துணி சரியாக மடிவதில்லை.

மார்ச் 21, வெள்ளி

இவருக்குப் பேசத் தெரியாது. நானே உதவி எண்ணை அழைத்தேன். ஒரு வீணை நெடுநேரம் வாசித்தது. அதே பிரவீணா.

உறுப்பினர் விதிகள் நாற்பது பக்கங்கள். கையெழுத்துப் போட்டவர் படிக்கவில்லை. நான் நேற்று இரவு படித்தேன். வேறு புத்தகம் எதுவும் கைவசம் இல்லை.

"இங்க பாரும்மா. குடும்ப மேசை இல்லாத உறுப்பினர் ஒரு மேசைக்கு ரெண்டு விருந்தாளியக் கூட்டிட்டு வரலாம்னு இருக்குல்லா?"

"ஆமா மேம்."

"உறுப்பினரோட மனைவி இணை உறுப்பினர்னும் இருக்குல்லா?"

"இருக்கு மேம்."

"அப்ப நானும் எனக்குன்னு ஒரு மேசை போடலாமா?"

தட்டச்சு ஒலி. "போடலாம் மேம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேம்."

"மூணு பேருக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்கு ஒண்ணு. பதினேழாம் தேதி ராத்திரிக்கு என்ன இருக்கு?"

ஜன்னலோரம், அதாவது மீனோரம், மூவர் மேசை ஒன்று. தூணுக்குப் பின்னால் இருவர் மேசை ஒன்று. இரண்டையும் பிடித்து வை என்றேன். இன்றிரவுக்குள் பெயர்களைக் கணினியில் ஏற்றிவிட வேண்டுமாம். காய்கறிக்காரன் வந்தான். கத்தரிக்காய் எல்லாம் சொத்தை.

மாலை

நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் இவர் பெயர்களை ஏற்றி அனுப்பிவிட்டார். மீனோர மேசைக்கு இவர், பையன், குழந்தை. தூணோர மேசைக்கு நான். என் விருந்தாளியாக, அந்தப் பெண்.

"ஏன், பையன என்கூடப் போட்டா என்ன?"

"கொளந்த அப்பாவ விட்டு இருக்காதுல்லா."

"அப்ப கொளந்தையும் அவனும் என்கூட."

"ரெண்டு பேரு மேசைளா அது. இனி மாத்த முடியாதாம்."

மாற்ற முடியாது என்று சொல்லும்போது இவர் முகத்தில் இருந்தது வருத்தம் அல்ல.

ஏப்ரல் 23, புதன்

இவர் ஓய்வூதிய வேலையாகச் சென்னை போயிருக்கிறார். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இந்த வேலை வருகிறது. அலுவலகம் திருநெல்வேலியிலும் இருக்கிறது. நான் கேட்பதில்லை. போகும்போது முறுக்கு டப்பாவை எடுத்துப் போனார். ஓய்வூதிய அலுவலகத்தில் முறுக்குப் பிரியர்கள் போலிருக்கிறது.

மே 16, வெள்ளி

அதிசயபுரி வந்து சேர்ந்தோம். எங்களுக்குச் சொந்தமான அறையில் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்திருக்கிறார்கள். இவர் அதைக் கலைக்க மனமில்லாமல் வேட்டியில் முகம் துடைக்கிறார். வரவேற்பறையில் ஒரு கோட்டுக்காரன், எங்கள் உறுப்பினர் தகுதியை "பிளாட்டினமாக" உயர்த்துவதைப் பற்றி இலவசக் காபியுடன் பேச அழைத்தான். இவர் எழுந்தார். நான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

குழந்தைக்குப் பட்டுப்பாவாடை சட்டை எடுத்து வந்திருக்கிறேன். அளவு தெரியாததால் நான்கு வயதுக்கு ஒன்று, ஐந்து வயதுக்கு ஒன்று. ஊரில் கடையில் தள்ளுபடி போட்டிருந்தான்.

மே 17, சனி

மத்தியானம் தூக்கம் வரவில்லை. குளிர்சாதனம் அதிகச் சத்தம்.

மே 18, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

உணவக வாசலில் நின்றோம். பிளாஸ்டிக் சிப்பியின் வாய்தான் வாசல். பையன் வந்தான். நெற்றி ஏறியிருக்கிறது. "நல்லா இருக்கியாம்மா?" என்றான். "இருக்கேன்," என்றேன். ஐந்து ஆண்டுகள் இதற்குள் அடங்கிவிட்டன.

குழந்தை அவன் கையை உதறிவிட்டு, "தாத்தா! முறுக்கு கொண்டாந்தியா?" என்று ஓடிவந்து இவர் காலைக் கட்டிக்கொண்டது. இவர் என்னைப் பார்க்காமல் எரிமலையைப் பார்த்தார். ஓய்வூதிய அலுவலகம் அவர்கள் வீட்டு வழியில்தான் இருக்கும்போல.

பிறகு என்னை அண்ணாந்து பார்த்தது.

"நீங்க யாரு?"

"உங்க அப்பாவோட அம்மா."

"அப்பாவுக்கு அம்மா இருக்காங்களா?" என்று தன் அம்மாவைத் திரும்பிக் கேட்டது.

"இருக்காங்க," என்றாள் அவள். "இவங்கதான். வணக்கம் சொல்லு."

சொன்னது. சிப்பிக்குள் எல்லோரும் நுழைந்தோம்.

தூணோர மேசை பற்றிப் பிரவீணா பொய் சொல்லவில்லை. எதிரே தூண், பின்னால் சமையலறைக் கதவு. மீன் ஒன்றுகூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்தப் பெண்தான். உணவுப் பட்டியலைப் படித்தோம். தக்காளி சூப்புக்குக் கடற்கன்னியின் கண்ணீர் என்று பெயர். தயிர்சாதத்துக்குப் பவளத் தீவு.

"நான் பவளத் தீவு," என்றேன்.

அவள் மீன் வறுவல் சொன்னாள். என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

மீன் வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு முட்கரண்டியைக் கீழே போட்டாள்.

"இது மீனே இல்ல மாமி. ஐஸ் பெட்டியில ஆறு மாசம் கெடந்தது. அங்க தொட்டியில அத்தனை களவா சும்மா சுத்துது."

அவர்கள் ஊரில் மாமியாரை மாமி என்பார்களாம். அவள் என்னை எதுவாகவும் கூப்பிட்டது இதுவே முதல் முறை.

"களவான்னா?"

"வரும்போது பாத்தீங்கல்ல, வாயத் தொறந்துகிட்டு கண்ணாடியில முட்டுனது. போர்டுல 'ஆழ்கடல் அரசன்'னு எழுதியிருக்கான். எங்க டாடி பாத்தா சிரிப்பாங்க. அது குழம்புக்குத்தான் ஆகும்."

ஆழ்கடல் அரசன் குழம்புக்குத்தான் ஆவான் என்பது நான் நடத்திய எந்தப் பாடத்திலும் இல்லாதது. பல அரசர்களுக்குப் பொருந்தும். அதைச் சொன்னேன். சிரித்தாள். சத்தமாகச் சிரிக்கிறாள், அடுத்த மேசை திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

பிறகு, தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கு எனக்கு மட்டும் இலை போட்டீங்க."

"இலை போடுறது மரியாதை."

"தெரியும் மாமி. எங்க வீட்லயும் அந்த மரியாதை உண்டு. உங்க மகன் முதல்ல வந்தப்ப எங்க மம்மி டம்ளரே குடுக்கல. கலர் சோடா பாட்டில அப்படியே கையில குடுத்து, குடிச்சதும் பாட்டிலத் தூக்கிப் போட்டுட்டாங்க. உங்ககிட்டச் சொன்னதில்லையா?"

"இல்ல."

"அங்க அவர் கோவிச்சுக்கிட்டு எந்திரிக்கல. இளிச்சுக்கிட்டு ரெண்டாவது பாட்டில் கேட்டார்."

என் மகன் ஓர் இடத்தில் எழுந்தும் இன்னோர் இடத்தில் இளித்தும் இருக்கிறான்.

"சொதி நல்லா இருந்துச்சு. அதைச் சொல்றதுக்குள்ள இவர் என்னை இழுத்துட்டுப் போயிட்டார்."

தயிர்சாதத்தைக் கரண்டியால் ஒரு முறை கிளறினேன்.

"அன்னைக்கு உப்பு கொறவு," என்றேன்.

"ஆமா, கொஞ்சம்," என்றாள் ஜெனோவா.

அப்போதுதான் மீனோர மேசையிலிருந்து, உணவகம் முழுவதும் கேட்கும்படி, குழந்தையின் குரல் வந்தது. "தாத்தா! அங்க பாரு! பெரிய மீன் ஆய் போகுது!"

கரண்டிகள் எல்லாம் அப்படியே நின்றன. ஆழ்கடல் அரசன் நிதானமாக, நீளமாக, விளக்கொளியில் தன் காரியத்தைச் செய்துகொண்டிருந்ததாக இவர் பிறகு சொன்னார். கடற்கன்னியின் கண்ணீரை வாயில் வைத்திருந்த ஒருவருக்குப் புரை ஏறியது. நானும் ஜெனோவாவும் தூணுக்குப் பின்னால் மேசைவிரிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தோம். எனக்கு விலா வலித்தது. இன்றும் வலிக்கிறது.

குழந்தை ஓடிவந்து செய்தியை எங்களுக்கும் முறைப்படி அறிவித்தது. பிறகு என் தயிர்சாதத்தைப் பார்த்து, "இது என்னது?" என்றது.

"பவளத் தீவு."

"பொய். தயிர்சாதம்," என்று சொல்லி, வாயைத் திறந்து காட்டியது. ஊட்டினேன். முன்பற்களின் இடைவெளி நேரில் பார்த்தால் இன்னும் அதிகம். திருத்த வேண்டியதில்லை என்று தோன்றியது.

கேக் வெட்டினார்கள். ஐந்து வயதுப் பாவாடைதான் சரியாக இருந்தது. வளர்த்தி, எங்கள் பக்கத்து ஜாடை.

கிளம்பும்போது பையன், "சரிம்மா, பாக்கலாம்," என்றான். எப்போது என்று நான் கேட்கவில்லை. கார்க் கதவைச் சாத்துமுன் ஜெனோவா குனிந்து, "மாமி, உங்களுக்கு இங்க இன்னும் நாள் மிச்சம் இருக்கில்ல? செப்டம்பர் லீவுல வாங்க. ஆனா நமக்கு அதே தூண் டேபிள் போடுங்க. மீன் பக்கம் போனா இவங்க கத்துறதத்தான் கேக்கணும்," என்றாள்.

மனிதர்கள் கிளம்பும்போது பலதும் சொல்வார்கள்.

ஜூன் 11, புதன்

அதிசயபுரியிலிருந்து அனுபவத்துக்கு நட்சத்திரம் கேட்டிருந்தார்கள். சூப்புக்கு ஒன்று, தயிர்சாதத்துக்கு ஒன்று, மீனுக்கு ஒன்றுமில்லை. விரிவாக எழுதலாம் என்றிருந்தது. விரிவாகவே எழுதினேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஜெனோவாவிடமிருந்து என் எண்ணுக்குச் செய்தி. "மாமி, செப்டம்பர் 28க்கு நாளைக்கு ஓப்பன் ஆகுமாம். பாப்பா தெனமும் கேக்கா. எந்திரிச்சிருவீங்கல்ல?"

இவர் செல்பேசியை எட்டிப் பார்த்து, "என்னளா, யாரு?" என்றார்.

"ஓய்வூதிய ஆபீஸ்," என்றேன்.

ஜூலை 28, திங்கள்

ஐந்தே முக்காலுக்கே உதவி எண்ணில் காத்திருந்தேன். அதே வீணை. அதே பிரவீணா.

"மேம், இந்தத் தடவை லக்கி மேம். அஞ்சு பேருக்கும் சேர்த்தே விண்டோ டேபிள் குடுக்கலாம். சர்நேம் ரூலை எடுத்துட்டாங்க. நிறைய கம்ப்ளைண்ட் மேம்."

"வேண்டாம்மா. போன தடவை மாதிரியே ரெண்டா குடு."

"மேம், அந்தத் தூண் டேபிள்ல இருந்து மீனே தெரியாது மேம். அதை யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க."

"தெரியும். எனக்கும் என் மருமகளுக்கும் அது."

"விண்டோ டேபிள்?"

அவருக்கும் பையனுக்கும் குழந்தைக்கும் என்றேன். அவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.